நரம்புக்குள் மிச்சமிருக்கும் இடம்

"நரம்பே கிடைக்கல" என்று பெங்களூர் தொம்மலூரில் ஒரு நர்ஸ் சொன்னால் எந்த மொழிக்காரருக்கும் புரிந்துவிடும். தமிழில் நரம்பு, கன்னடத்தில் நர, மலையாளத்தில் ஞரம்பு, தெலுங்கில் நரம். நான்கு மொழிகளின் பேச்சுவழக்கும் சேர்ந்து ஒரே தவறைச் செய்கின்றன. மூளையின் செய்தியைக் கொண்டுபோவதற்கும், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய்க்கும் ஒரே பெயர். பாடப்புத்தகம் எத்தனை முறை 'சிரை' என்று சொல்லிக்கொடுத்தாலும் கட்டிலருகே அந்தச் சொல் செல்லுபடியாவதில்லை. தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். நோயாளியின் கையை விரல்நுனியால் தட்டி, அழுத்தி, விட்டு, மறுபடி தொட்டுப் பார்க்கும் நர்ஸைக் கவனித்தால் அந்தப் பழைய பொருள் பொருந்துவதுபோலவே இருக்கும். நல்ல சிரை விரலுக்கடியில் துள்ளும். கெட்டுப்போனது கயிறுபோலக் கிடக்கும்.

சில வருடங்களுக்கு முன் காய்ச்சலும் வாந்தியுமாகத் துவண்டுபோயிருந்த அம்மாவை ஓர் இரவில் மருத்துவமனையில் சேர்த்தோம். அவளுக்கு அப்போது எழுபத்தாறு வயது, இருபது வருடச் சர்க்கரை நோயாளி. எமர்ஜென்சியில் இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, பச்சை நிற வென்ஃப்ளான் ஒன்றைக் குத்திவிட்டு வார்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் அந்த இடம் சிவந்து வீங்கிவிட்டது. இரவு டியூட்டிக்கு வந்த மலையாள நர்ஸ் அதைக் கழற்றினார். கழற்றியவர் உடனே வேறு இடம் தேடவில்லை. கேஸ் ஷீட்டை எடுத்து ஒரு பக்கத்தில் சற்று நேரம் கண்ணை ஓட்டினார். பிறகு வலது கையின் புறங்கையில், நீல நிறத்தில் சின்னதாக ஒன்றைப் போட்டார். "சோத்துக் கையில போடறியே பாப்பா" என்று அம்மா முனகினாள். எனக்கு வேறொரு மனக்குறை. நேற்று பச்சை, இன்று நீலமா? "இவ்வளவு சின்னதுல மருந்து எப்படி சிஸ்டர் ஏறும்?" என்று கேட்டேன்.

"நரம்புல ரத்தமும் போணும் இல்லையா சார்?" என்றார் அவர், பிளாஸ்டரைக் கிழித்தபடியே.

திரவ இயக்கவியலின் ஒரு முக்கியமான பாடத்தை அவர் அந்த ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது விளங்கச் சில மாதங்கள் பிடித்தன.

முதலில் அந்த நிறங்கள். வென்ஃப்ளான் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். நம் ஊர் வார்டுகளில் அதுவே பொருளின் பெயராகிவிட்டது. ஊசியின் மேல் உறைபோல மாட்டிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது. ஊசி சிரைக்குள் வழிகாட்டிவிட்டு வெளியே வந்துவிடும், குழாய் மட்டும் உள்ளே தங்கும். ஊசியே உள்ளே இருக்கிறது என்று நினைத்துக் கையை மடக்காமல் இரவெல்லாம் விறைத்துக் கிடக்கும் நோயாளிகள் இன்றும் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேவிட் மாஸா 1950இல் இப்படிப்பட்ட குழாயை உருவாக்கும்வரை அவர்கள் பயம் நியாயமானதுதான். அதற்கு முன் உலோக ஊசியே உள்ளே இருந்தது.

மஞ்சள் 24 கேஜ், நீலம் 22, பிங்க் 20, பச்சை 18, சாம்பல் 16, ஆரஞ்சு 14. எண் கூடக்கூடக் குழாய் மெலிகிறது. இது மருத்துவர்கள் வகுத்த கணக்கல்ல, கம்பி இழுப்பவர்களுடையது. இங்கிலாந்தின் இரும்புக் கம்பிப் பட்டறைகளில் கம்பியை ஒரு துளை வழியே இழுத்தால் சற்று மெலியும்; அடுத்த துளையில் இழுத்தால் இன்னும் மெலியும். எத்தனை தடவை இழுத்தார்கள் என்பதே ஏறக்குறைய கம்பியின் எண் ஆயிற்று. நகை செய்யும் ஆசாரிக்கும், மோட்டாருக்குக் காயில் சுற்றுபவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஊசியும் இழுத்துச் செய்ததுதான் என்பதால் அந்தப் பட்டறைக் கணக்கு அப்படியே ஆஸ்பத்திரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மஞ்சளின் வெளிவிட்டம் 0.7 மில்லிமீட்டர், நீலம் 0.9, பிங்க் 1.1, பச்சை 1.3, சாம்பல் 1.7, ஆரஞ்சு 2.1. இவை குழாயின் வெளிவிட்டங்கள் என்பதை மறக்க வேண்டாம். திரவம் ஓடுவதோ உள்ளே.

குழாய்க்குள் ஓடும் திரவத்துக்குக் கணக்கு எழுதியவரும் ஒரு மருத்துவர்தான். பாரிஸைச் சேர்ந்த ழான் புவாசெய், மெல்லிய ரத்தக்குழாய்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினார். ரத்தம் உறைந்து தொல்லை கொடுத்ததால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையுள்ள கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரைச் செலுத்திப் பல வருடங்கள் அளந்தார். 1840களில் கிடைத்த விடை: ஓட்டம் குழாயின் விட்டத்தோடு அல்ல, விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடுகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்கு. நீளம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பாதி.

ஏன் நான்காம் அடுக்கு? குழாயின் சுவரைத் தொடும் திரவம் நகர்வதே இல்லை, அதை ஒட்டிய அடுக்கு மெதுவாக ஊர்கிறது, நட்டநடுவில்தான் பாய்ச்சல். குழாய் அகலமானால் இடமும் கூடுகிறது, நடுவின் வேகமும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன.

இந்த விதியை மனப்பாடம் செய்துகொண்டு வென்ஃப்ளான் உறையைப் படிப்பவர் குழம்பிப்போவார். ஆரஞ்சு மஞ்சளைவிட மூன்று மடங்கு பருமன். மூன்றின் நான்காம் அடுக்கு 81. உறையில் அச்சிட்டிருப்பதோ மஞ்சளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 20 மில்லிலிட்டர், ஆரஞ்சுக்கு 270 அளவில். நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். விகிதம் பதின்மூன்றைச் சுற்றியே நிற்கிறது. புவாசெய் ஏமாற்றவில்லை. ஆரஞ்சுக் குழாய் 45 மில்லிமீட்டர் நீளம், மஞ்சள் 19 மட்டுமே. நீளம் ஓட்டத்தைப் பாதிக்கும் மேலாகத் தின்றுவிடுகிறது. மீதிக்கு விடை தேட தொம்மலூரைவிட்டு அதிகத் தூரம் போக வேண்டாம்.

தொம்மலூரிலிருந்து பழைய விமான நிலையச் சாலையில் கிழக்கே போனால் கோடிஹள்ளியில் தேசிய விண்வெளி ஆய்வகம், என்.ஏ.எல்., இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி முருகேஷ்பாளையத்தில் 'விண்ட் டனல் ரோடு' என்றே ஒரு தெரு. அந்தப் பெயர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஒலியைவிட வேகமான காற்றை உண்டாக்கி விமான மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் அங்கே 1967 முதல் இயங்குகிறது. 1984 முதல் 1993 வரை என்.ஏ.எல்.லின் இயக்குநராக இருந்த ரொத்தம் நரசிம்மாவின் வாழ்நாள் ஆய்வுப் பொருள்களில் ஒன்று, சீராக ஓடும் பாய்மம் எந்தக் கட்டத்தில் குழம்பிச் சுழலத் தொடங்குகிறது என்பது. குழம்பியது எப்போது மறுபடி சீராகிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார். 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயத்தை ஓடவிட்டு, சீரான ஓட்டம் குழம்புவதைக் காட்டினார். வேகம், விட்டம், திரவத்தின் பிசுபிசுப்பு இவற்றைச் சேர்த்து வரும் ஓர் எண் சுமார் 2,000ஐத் தாண்டினால் சாயக் கோடு கலைந்துவிடும்.

அந்த எண்ணை வென்ஃப்ளானுக்குப் போட்டுப் பார்த்தேன். மஞ்சளுக்கு எண்ணூற்றுச் சொச்சம், அமைதி. பச்சைக்கு இரண்டாயிரத்தை ஒட்டி, விளிம்பில் நிற்கிறது. ஆரஞ்சுக்கு மூவாயிரத்துக்கு மேல். அதற்குள் உப்புநீர் சுழித்துக்கொண்டு போகிறது. புவாசெயின் விதி அங்கே செல்லாது. போதாக்குறைக்கு இந்தக் குழாய்கள் எல்லாமே குட்டை. உள்ளே நுழைந்த நீர் சீரான அடுக்குகளாக அமைவதற்குள் குழாய் முடிந்துவிடுகிறது. விமான இறக்கையைப் பற்றி ஒரு பொறியாளர் கவலைப்படும் அதே எண், சில நிமிடத் தொலைவில், கையில் பிளாஸ்டர் ஒட்டிய ஒரு பாட்டிக்கும் பொருந்துகிறது. தொம்மலூரில் குடியிருப்பதன் பலன்களில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

சரி, எவ்வளவு ஓட்டம்தான் வேண்டும்? வார்டில் சாதாரணமாக அரை லிட்டர் பாட்டில் ஆறு மணி நேரத்தில் ஏறும். நிமிடத்துக்கு ஒன்றரை மில்லிலிட்டர்கூட இல்லை. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்ற செட்டில் நிமிடத்துக்கு 28 சொட்டு. நீலம் 36 மில்லிலிட்டர் தரக்கூடியது. அதாவது என் அம்மாவுக்குத் தேவைப்பட்டதைப்போல இருபத்தைந்து மடங்கு. பச்சை எழுபது மடங்கு. ஓர் ஆட்டோ போக எட்டு வழிச் சாலை போட்டிருந்தார்கள் எமர்ஜென்சியில்.

ரத்தம் ஏற்றப் பச்சைதான் வேண்டும், சின்னதில் அணுக்கள் நசுங்கிவிடும் என்ற நம்பிக்கை நர்ஸிங் பள்ளிகளிலேயே இன்னும் உலவுகிறது. சிவப்பணுவின் குறுக்களவு ஏழு எட்டு மைக்ரான். இருப்பதில் மெலிந்த மஞ்சளின் உள்துளை ஏறக்குறைய 500 மைக்ரான். அறுபது அணுக்கள் கைகோத்து வரிசையாக நுழையலாம். ஒரு பை ரத்தம் நான்கு மணி நேரத்துக்குள் ஏறி முடிய வேண்டும்; 300 மில்லிலிட்டர் பையானால் நிமிடத்துக்கு ஒன்றேகால் மில்லிலிட்டர் போதும். பையைப் பிழிந்து, மெல்லிய குழாயில் வலுவாகத் தள்ளினால்தான் அணு உடையும். பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சளில்தான் ரத்தம் ஏற்றுகிறார்கள்.

இத்தனையும் குழாயின் உள்பக்கத்துக் கதை. நர்ஸ் சொன்னது வெளிப்பக்கத்தைப் பற்றி.

சிரை ஒன்றும் காலியான பையல்ல. விரல்களிலிருந்து திரும்பும் ரத்தம் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு குழாயைச் செருகினால், ரத்தம் குழாய்க்கும் சிரைச் சுவருக்கும் நடுவே மிச்சமிருக்கும் வளைய வடிவ இடைவெளியில்தான் போக வேண்டும். சிரையின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே உள்ள ஒரு கம்பி, நட்டநடுவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அது அடைப்பது பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. ரத்த ஓட்டம் எவ்வளவு குறையும்? நூற்றுக்கு ஒன்று என்றுதான் நானும் நினைத்தேன். கணக்கு சொல்வது 43 சதவீதம்! கம்பியைத் தொடும் ரத்தமும் நகராது அல்லவா. முன்பு பாய்ச்சலாக இருந்த நடுப்பகுதியில் இப்போது ஒரு சுவர். சாலையின் நடுவே ஒரே ஒரு பஸ் பழுதாகி நின்றால் தொம்மலூர் மேம்பாலத்தில் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு, அடைத்துக்கொண்ட அகலத்துக்கும் ஏற்பட்ட தாமதத்துக்கும் சம்பந்தம் கிடையாது என்பதும் தெரியும்.

இனி இரண்டு மில்லிமீட்டர் சிரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வயதானவர் புறங்கையில் அதுவே பாக்கியம். நீலத்தைப் போட்டால், பழைய ஓட்டத்தில் 16 சதவீதம் மிஞ்சும். பச்சையைப் போட்டால் 5. வெறும் 0.4 மில்லிமீட்டர் வித்தியாசம், மிச்சமோ மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. உண்மைக் கையில் நிலைமை இதைவிடத் தேவலை. குழாய் நடுவில் நிற்காமல் ஓரமாகச் சாய்ந்துகொள்ளும், ஒரு பக்கம் வழி அகலமாகும். தடைபட்ட ரத்தம் பக்கத்துச் சிரைகளில் திரும்பிப் போய்விடும். ஆனால் அப்படித் திரும்பிப் போன ரத்தம் இந்தச் சிரைக்கு உதவுவதில்லை.

எதற்கு உதவி? மருந்தைக் கரைக்க. வான்கோமைசின் போன்ற மருந்துகள் அமிலத்தன்மை உள்ளவை. பொட்டாசியம் எரிச்சலூட்டும். ஓடுகிற ரத்தம் அவற்றை வந்த வேகத்தில் நீர்க்கச்செய்து கொண்டுபோய்விட்டால் சிரைச் சுவர் தாங்கிக்கொள்ளும். இடைவெளி குறைந்தால் மருந்து சுவரிலேயே தேங்கி அதை அரிக்கிறது. பருத்த குழாயின் நுனி, கையை அசைக்கும்போதெல்லாம் உட்சுவரை உரசுகிறது. ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்சோ 1856இல் ரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களைப் பிரித்துப் பேசினார்: ஓட்டம் மந்தமாவது, சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் குணம் பெறுவது. தேவையில்லாத பச்சை இவற்றில் இரண்டைத் தானே செய்து தருகிறது. சர்க்கரையும் காய்ச்சலும் மூன்றாவதைப் பார்த்துக்கொள்ளும்.

நர்ஸிங் வழிகாட்டு நெறிகள் இதனால்தான் செய்ய வேண்டிய வேலைக்குப் போதுமானதில் மிகச் சிறியதை எடு என்கின்றன. 'போதுமானதில்' என்ற சொல்லை அடித்துவிட்டுப் படிப்பவர்களும் உண்டு, அது இன்னொரு ஆபத்து. பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டும் பெண்ணுக்கு, பைக் விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு, நீலத்தோடு யாரும் வரக்கூடாது. ஒரு லிட்டர் ஏற்ற நீலத்துக்கு 28 நிமிடம். ஆரஞ்சுக்கு நான்கு நிமிடம்கூட ஆகாது. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில், காலராவில் சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் சிரைக்குள் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் உப்புநீரைச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல். குழிவிழுந்த கண்கள் ஒளிபெற்று, அவள் பேசத் தொடங்கினாள். லாட்டா அகன்ற பிறகு வயிற்றுப்போக்கு திரும்பி, சில மணி நேரத்தில் இறந்துபோனாள். சிரை வழியாக உப்புநீர் ஏற்றும் சிகிச்சை தொடங்கிய இடம் அது. நிமிடத்துக்கு நூறு மில்லிலிட்டருக்குச் சற்று மேல் என்று வருகிறது அவர் வேகம். இன்றைய பச்சையின் வேகம். அவளுக்கு அது தேவைப்பட்டது. ஸ்கேனுக்கு விநாடிக்கு மூன்று நான்கு மில்லிலிட்டர் என்று சாயம் செலுத்துபவருக்கும் முழங்கையருகே பிங்க்கோ பச்சையோ வேண்டும்.

அவசரத்தில் இன்னொரு பிழையும் நடக்கும். கழுத்தில் பெரிய லைன் இருக்கிறதே, அதில் கொட்டலாம் என்பார்கள். கழுத்துக் குழாய் 15, 20 சென்டிமீட்டர் நீளம். அதே துளையுள்ள சாம்பல் நிற வென்ஃப்ளான் கையில் குட்டையாக இருந்தால் பலமடங்கு வேகமாக ஏற்றிவிடும்.

வாரக்கணக்கில் மருந்து ஏற வேண்டியவர்களுக்கு மேல்கையில் நுழைத்து இதயத்தின் வாசல்வரை கொண்டுபோகும் பி.ஐ.சி.சி. குழாய், சுருக்கமாக 'பிக் லைன்'. இதற்கு அளவே வேறு. பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் வகுத்தது, பெயர் 'பிரெஞ்சு'. மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். இங்கே எண் கூடினால் குழாய் பருக்கும். கேஜில் எண் கூடினால் மெலியும். ஒரே நர்ஸ், ஒரே அலமாரி, இரண்டு எதிரெதிர்க் கணக்குகள். யாராவது உட்கார்ந்து மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை.

பிக் லைனில்தான் இடைவெளிக்கு ஓர் எண் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் ரெபெக்கா ஷார்ப்பும் கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, குழாயின் விட்டம் சிரையின் விட்டத்தில் 45 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் உறையும் ஆபத்து கூடுவதைக் காட்டியது. நான்கு பிரெஞ்சு குழாய் 1.33 மில்லிமீட்டர், அப்படியானால் சிரை மூன்று மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஐந்து பிரெஞ்சுக்கு 3.7. இதை அல்ட்ராசவுண்டில் அளக்கும்போது கையில் இறுக்குப்பட்டை கட்டியிருக்கக் கூடாது. கட்டினால் சிரை உப்பிக்கொண்டு பொய் சொல்லும். அவிழ்த்த பிறகு சுருங்கும், குழாய் சுருங்காது.

அம்மாவின் நீலம் மூன்று நாள் தாங்கியது. டிஸ்சார்ஜ் நாளில் கேஸ் ஷீட்டை என் கையில் கொடுத்தபோதுதான் அந்த நர்ஸ் அன்றிரவு எந்தப் பக்கத்தில் கண்ணை ஓட்டினார் என்று தேடினேன். ரத்தப் பரிசோதனை முடிவுகள். கிரியேட்டினின் 2.1. சிறுநீரகம் தளரத் தொடங்கியிருந்தது.

சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு டயாலிசிஸ் செய்ய, நிமிடத்துக்கு முந்நூறு மில்லிலிட்டர் அளவில் ரத்தத்தை வெளியே எடுத்துத் திருப்ப வேண்டும். சாதாரணக் கைச் சிரையில் போட்ட எந்த வென்ஃப்ளானாலும் அது முடியாது. நியூயார்க்கின் பிராங்ஸில் பிரெசியாவும் சிமினோவும் அவர்கள் கூட்டாளிகளும் 1966இல் ஒரு வழியை எழுதினார்கள். மணிக்கட்டில் தமனியையும் அதன் பக்கத்துச் சிரையையும் தைத்து இணைத்துவிடுவது. தமனியின் அழுத்தம் பாய்ந்து சில வாரங்களில் சிரை கயிறாகத் தடித்து, பருத்த ஊசிகளைத் தாங்கும். ஃபிஸ்டுலா என்று டயாலிசிஸ் பிரிவுகளில் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் சோற்றுக்கை அல்லாத கையில் செய்வார்கள். அதற்குத் தேர்ந்தெடுக்கும் சிரை, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஏறுவது. பருத்து, நேராக, தோலுக்கடியிலேயே இருப்பதால் புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களும் அவசரத்தில் இருப்பவர்களும் முதலில் கைவைப்பதும் அதே சிரையில்தான். என்றாவது டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று தோன்றும் நோயாளிக்கு முன்கையைத் தொடாதே, புறங்கையில் போடு, முடிந்தால் சோற்றுக்கையில் போடு என்பது நர்ஸ்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் விதி.

அம்மாவுக்கு இதுவரை டயாலிசிஸ் தேவைப்படவில்லை. இடது மணிக்கட்டில் பச்சை போட்ட இடத்தை அழுத்தினால் மட்டும், தோலுக்கடியில் கெட்டியாகக் கயிறுபோல ஒன்று உருளுகிறது.